நியூயார்க்கில் இலையுதிர்காலம்: குழந்தைகளோடு எங்கே போகலாம்?

ஹாலோவீன் என்றதும் பலரும் கிளம்புவது கிரீனிச் வில்லேஜ் ஊர்வலத்துக்குத்தான். 1974-லிருந்து நடக்கிறது, வேடம் போட்டு வந்தால் நீங்களும் சேர்ந்து நடக்கலாம். ஆனால் கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாக அந்த நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு என் முதல் சிபாரிசு குயின்ஸ் கவுன்டி ஃபார்ம். 1697-லிருந்து உழுதுவரும் நிலம், நகர எல்லைக்குள்ளேயே! ஆளை மறைக்கும் சோளக்காட்டுப் புதிர்வழியில் ஓடவிட்டால் பிள்ளைகள் வெளியே வர மனமின்றி நிற்பார்கள். தரை ஈரமாக இருக்கும், பழைய ஷூ போதும்.

இருட்டுக்குப் பயப்படாத பிள்ளைகளா? கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ரயிலில் குரோட்டன் என்ற ஊர். அங்கே நடக்கும் விளக்குக் காட்சிக்காக ஆயிரக்கணக்கான பரங்கிக்காய்களைக் கையால் செதுக்கி உள்ளே விளக்கேற்றி வைத்திருப்பார்கள். நேரம் குறித்த டிக்கெட், சனி ஞாயிறு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே வாங்குங்கள்.

வேட உடையை ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டும். முகமூடி பார்வையை மறைக்கும். முகத்தில் வண்ணம் பூசுவதே நல்லது. வீடு வீடாகப் போய் வாங்கிவந்த மிட்டாய்களைத் தின்பதற்கு முன் பையைப் பிரித்துப் பாருங்கள்: வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் கட்டாயம். சைவக் குடும்பமென்றால் ஜெல்லி மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாசலில் நீலப்பச்சைப் பரங்கிக்காய் வைத்த வீட்டில் தின்பண்டத்துக்குப் பதில் சிறு பொம்மை கிடைக்கும்.

சென்ட்ரல் பார்க் இலைகளுக்கு அவசரமில்லை, நவம்பர் முதல் வாரத்தில் போனாலே நல்ல நிறம்.