பொருளியலுக்கும் ஆய்வுக்கூடம் உண்டு

வேதியியலுக்குச் சோதனைக்குழாய் உண்டு. உயிரியலுக்கு நுண்ணோக்கி உண்டு. பொருளியலுக்கு என்ன உண்டு? மனப்பாடம் ஒன்றே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மக்கள் வாழும் ஊரே பொருளியலின் ஆய்வுக்கூடம் ஆகும்.

இதைச் செய்து காட்டியவர் கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான இவர், 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களை ஆராய்ந்து வரச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் நிலம், கூலி, கடன் பற்றிய செய்திகள் 1918இல் நூலாக வெளிவந்தன. 1936-37இல் அதே ஊர்களைப் பல்கலைக்கழகத்தார் மீண்டும் ஆராய்ந்தனர். இருவேல்பட்டில் 2008இலும் ஆய்வு நடந்தது. ஒருவர் கண்டதைப் பிறரும் சென்று சரிபார்க்க முடிவதே அறிவியல் முறையின் முதல் அடையாளம்.

அடுத்து, யாரைக் கேட்பது? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. பானைச் சோறு ஒரே கொதியில் வெந்தது; ஆதலால் ஒரு சோறு போதும். ஊர் அப்படியா? மாடி வீடும் குடிசையும் ஒரே பதத்தில் இருப்பதில்லை. பெரிய தெருவில் மட்டும் விசாரித்து, ஊரில் வறுமையே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். எனவே எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு, சீட்டுக் குலுக்கி, வந்த வீடுகளுக்கே செல்ல வேண்டும்.

மூன்றாவது, எப்படிக் கேட்பது? "வேலை பார்க்கிறீர்களா?" என்றால், "இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்பர் தாய்மார் பலர். "நேற்று விடிந்தது முதல் என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்; விடை பக்கம் பக்கமாக வரும்! 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, மக்கள் 24 மணி நேரத்தை எவ்வாறு செலவிட்டனர் என்று கேட்டது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டது தெரியவந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேர உழைப்பு, 'சும்மா' என்னும் ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடந்தது!

கேட்கப்படாதவர் கணக்கில் இடம் பெறார். கணக்கில் இல்லாதவர் திட்டத்திலும் இடம் பெறார். ஆகவே ஆய்வு முறையில் நேரும் பிழை, ஏட்டோடு நிற்பதில்லை. ஏழையின் வயிற்றையும் தொடுகிறது.

தோழியரே! கோடை விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். 'குடிநீர் கொண்டுவர ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஆகிறது, கொண்டுவருபவர் யார்?' என்னும் ஒரே வினாவைச் சீட்டில் வந்த பத்து வீடுகளில் கேளுங்கள். எல்லாரிடமும் ஒரே விதமாகக் கேளுங்கள். அவர்கள் சொன்னதை ஒரு பக்கத்திலும், நம் கருத்தை மறு பக்கத்திலும் எழுதுங்கள். அவர்கள் பெயரை வெளியிடாதீர்கள். பத்து வீட்டுச் செய்தியை நாட்டின் செய்தியாக்காதீர்கள்.

ஊரைப் படிப்போம்; உள்ளதை உள்ளபடி உரைப்போம்!