இசையிடம் பாடம் கேட்ட சித்திரங்கள்

கார்ட்டூன் படம் என்றதும் நமக்குச் சிரிப்புத்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அசையாத சித்திரத்தை அசைய வைக்கும் ஓவியர்கள் இசையிடம் கற்றுக்கொண்ட பாடங்கள் பல. அவற்றுள் இரண்டை இங்கே காண்போம்.

முதற்பாடம் தாளம். திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நிமிடத்திற்கு 120 தட்டுகள் உள்ள பாட்டானால், ஒரு தட்டுக்கு 12 படங்கள். 90 தட்டுகளானால் 16 படங்கள். கணக்கு நோட்டில் நாமே போட்டுப் பார்க்கலாம். 1928-இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' படத்தில் இவ்வாறு கணக்கிட்டே மிக்கி எலியின் அசைவுகளை இசையோடு பொருத்தினார்கள்.

தட்டுக்குத் தட்டு காலைத் தூக்கி வைத்தால் மட்டும் அது நடனம் ஆகிவிடுமா? ஆகாது. ஆகவே இரண்டாம் பாடம், இசைத்தொடர். பேச்சில் வாக்கியம் இருப்பதுபோல இசையிலும் உண்டு. பாடும்போது எங்கே மூச்சு வாங்குகிறோமோ, அங்கே ஒரு தொடர் முடிகிறது. அது மெல்லப் புறப்பட்டு, ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்கி ஓய்கிறது. எல்லாச் சுரங்களையும் ஒரே அழுத்தத்தில் பாடினால் பாட்டு வெறும் ஒப்பித்தலாகிவிடும். அசைவும் அப்படியே. பழம் பறிக்கும் சிறுமியை வரைய வேண்டுமா? முதலில் கண் பார்க்கிறது. உடல் சற்றே பதுங்குகிறது. பிறகு கை பாய்கிறது. பறித்தபின் தோள் தளர்கிறது.

1940-இல் வந்த 'ஃபேன்டேசியா' படத்தில் இதற்கு நல்ல சான்று உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பால் டூகா 1897-இல் இயற்றிய 'மந்திரவாதியின் சீடன்' என்னும் இசைக்கு அங்கே மிக்கி நடிக்கிறது. தண்ணீர் சுமப்பதை நிறுத்தாத துடைப்பத்தை மிக்கி கோடரியால் பிளக்கிறது. முழங்கிய இசை அடங்குகிறது, திரையும் அடங்குகிறது. பின்னர் ஆழ்ந்த குரலுடைய குழலொன்று தயங்கித் தயங்கி ஒலிக்க, மரச் சிம்புகள் மெல்ல அசைந்து எழுகின்றன. அந்த அமைதி இல்லையேல், பின்வரும் வெள்ளம் நம்மை இவ்வளவு அச்சுறுத்தாது.

உணர்ச்சி எங்கே இருக்கிறது என்றும் நாம் கேட்கலாம். பாடுகிறவருக்கு உள்ளம் பொங்கும் கணத்திலேயே குரலும் பொங்குகிறது. ஓவியருக்கோ ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 படங்கள் வேண்டும். ஒரு சித்திரத்தை இரு படங்களுக்கு நிறுத்தினாலும் 720 சித்திரங்கள்! அத்தனையும் வரைவதற்குள் உணர்ச்சி ஆறிப்போகாதா? எனவே பலர் தொடரின் தொடக்கம், உச்சி, முடிவு ஆகிய முக்கிய நிலைகளை முதலில் வரைந்துகொள்கிறார்கள். இடைப்பட்டவற்றைப் பின்னர்ப் பொறுமையாக நிரப்புகிறார்கள். முதல் நாளின் ஆர்வத்தைக் கடைசிச் சித்திரம் வரை அந்த ஒழுங்கே காத்துத் தருகிறது.

நம் விழா மேடையிலும் இதைக் கைக்கொள்ளலாம் அன்றோ? நடனமாயினும் சொற்பொழிவாயினும், உச்சி எது, ஓய்வு எது என்று முன்பே தெரிந்துகொள்வோம். தொடக்கம் முதல் முடிவுவரை உரக்கக் கூவுவது உணர்ச்சியாகாது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றால், அடுத்த சொல்லைக் கேட்க அவை தானே காத்திருக்கும்.