பழைய காரில் பாலைவனம் கடக்க

இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து சஹாரா வழியாகக் காம்பியாவின் பாஞ்சுல் வரை பழைய கார்களை ஓட்டிப்போய், அங்கே ஏலம்விட்டு, கிடைத்த பணத்தை அறப்பணிக்குக் கொடுத்தவர்கள் உண்டு. அப்படிக் கிளம்புவதானால் முதலில் ரேடியேட்டர் ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, ஊறிக் கொழகொழத்தாலோ கிளிப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ஆயில் சம்ப்புக்கு அடியில் இரும்புத் தகடு கட்டாயம். ஸ்டெப்னி இரண்டு. ஏர் ஃபில்டரைத் தினமும் தட்டுங்கள்.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் டயர் பரந்து, புதையாமல் ஓடும். தார்ச்சாலை ஏறியதும் நிரப்பிவிட வேண்டும். பம்பு கையோடு இருக்கட்டும். சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் இன்னும் இறங்கும். மண்வெட்டிதான் கைகொடுக்கும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஏலத்தில் எடுப்பவரும் அதே காரில்தான் குடும்பத்தை ஏற்றிப்போவார்.