வியர்வை வராத வேலையை அளப்பது எப்படி?

சரக்கு இறக்கும் தொழிலாளியின் உழைப்பை அளப்பதற்கு எமக்கு எவரும் கற்றுத்தரத் தேவையில்லை. லொறியில் வந்த மூட்டைகள் எத்தனை, இறங்கியவை எத்தனை என்று எண்ணினால் முடிந்தது. தையல்காரருக்கு உருப்படிக் கணக்கு, மேசனுக்கு நாட்கூலி. ஆனால் கணினிக்கு நிரல் எழுதும் பிள்ளையை எதைக் கொண்டு அளப்பது? எமது வர்த்தகர்களில் பலர் இன்று பில் போடவும் ஸ்டொக் பார்க்கவும் சொந்தமாக மென்பொருள் செய்விக்கிறார்கள். காசு கொடுக்கும் நேரத்தில்தான் தகராறு வருகிறது.

என் கடையில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஹார்ட்வெயார் கடைக்கு மென்பொருள் செய்ய ஓர் இளைஞரைப் பிடித்தேன். கடையின் பின்பக்க மேசையில் இருந்துதான் வேலை. காலையில் வந்தவர் ளுஹர் வரைக்கும் திரையைப் பார்த்தபடி இருப்பார். விசைப்பலகையில் கை படாது. "தம்பி, படமா பார்க்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்ல ஹாஜி, யோசிக்கிறேன்" என்றார். யோசிப்பதற்கா நான் காசு கொடுக்கிறேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். சும்மா இருக்கிறார்தானே என்று பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் அவரையே கூப்பிட்டேன். ஆறு வாரம் என்ற வேலை நான்கு மாதமானது. கடைசியில் பேசிய தொகையில் ஒரு பகுதியை வெட்டித்தான் கொடுத்தேன்.

கூலியாளின் வியர்வை உலருமுன் கூலி என்பது நாம் சிறுவயதில் மத்ரஸாவில் ஓதிய பாடம். வியர்வையே வராத வேலையில் அந்தப் பாடத்தை எப்படிப் பொருத்துவது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பின்னர் இந்த விடயத்தைப் பற்றித் தேடி வாசித்தபோது, அந்த 'சும்மா இருத்தலை' உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் கருவி வைத்து அளந்துகொண்டிருப்பது தெரியவந்தது.

மூளை வேலை செய்வதை வெளியிலிருந்து அறிய இப்போது மூன்று வழிகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று, ஈ.ஈ.ஜி. என்ற மின்னலைப் பதிவு. ஜேர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பேர்கர் என்ற வைத்தியர் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிந்து 1929இல் வெளியிட்டார். இரண்டாவது, நெற்றியில் கட்டும் பட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று கணிப்பது. மூளையின் எந்தப் பகுதி கடுமையாக வேலை செய்கிறதோ அங்கே இரத்தம் கூடுதலாகப் பாயும். அதுதான் இதன் அடிப்படை. மூன்றாவது, பெரிய வைத்தியசாலைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரம். இதுவும் அதே இரத்த ஓட்டத்தைத்தான் பார்க்கிறது, ஆனால் தலையின் ஆழம் வரை பார்க்கிறது.

2014ஆம் ஆண்டு இத்துறையில் முக்கியமானது. ஜேர்மனியில் ஜெனற் சீக்மண்ட் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 17 பேரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, சில வரிகளே கொண்ட நிரல்களைக் காட்டினார்கள். இந்த நிரல் என்ன விடை தரும் என்று மனதால் கண்டுபிடிக்க வேண்டும். ஒப்பிடுவதற்காக, எழுத்துப் பிழையை மட்டும் தேடும் வேறொரு வேலையும் கொடுத்தார்கள். விளங்கி வாசிக்கும்போது மூளையின் ஐந்து இடங்கள் கூடுதலாக வேலை செய்தன. அவை தற்காலிக ஞாபகம், கவனம், மொழி ஆகியவற்றோடு தொடர்புள்ள இடங்கள். அதே ஆண்டு ஜப்பானின் நாரா மாகாண ஆய்வாளர்கள் 10 பேருக்கு நெற்றிப்பட்டி கட்டி, வேண்டுமென்றே சிக்கலாக்கப்பட்ட நிரல்களை வாசிக்கக் கொடுத்தார்கள். 8 பேருக்கு இரத்த ஓட்டம் உயர்ந்தது. ஒரு விரலைக்கூட அசைக்காத வேலை இது!

2020இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தார் வேறுவிதமாகச் சொன்னார்கள். நிரலை வாசிப்பது மூளையின் மொழிப் பகுதியை அவ்வளவாகத் தொடுவதில்லை, கடினமான கணக்குகளையும் புதிர்களையும் தீர்க்கும்போது இயங்கும் பொதுவான பகுதிகளே பெரும்பாலும் சுமக்கின்றன என்பது அவர்களது முடிவு. கருத்து வேறுபாடு எமது ஜமாஅத்துகளுக்கு மட்டும் உரியதல்ல போலும்.

வியாபாரிக்குப் பயன்படுவது, சுமையை எது கூட்டுகிறது என்பதுதான். நிரலுக்குள் பொருள்களுக்கு இடும் பெயர் பிழையாக இருந்தால் வாசிப்பவரின் மூளைச்சுமை உயர்வதை வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. 2021இல் ஜேர்மனியில் 19 பேரை வைத்து நடந்த எம்.ஆர்.ஐ. ஆய்வில், நிரலில் வரும் வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கை தற்காலிக ஞாபகத்துக்குப் பாரமாவது தெரிந்தது. இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அந்தத் தம்பிக்குக் கொடுத்த பொருட்பட்டியலில் 'சின்னப் பைப்', 'பழைய சின்னப் பைப்', 'சின்னப் பைப் மற்றது' என்றெல்லாம் இருந்தன. ஒரே பொருளுக்கு மூன்று பெயரும் இருந்தது, மூன்று பொருளுக்கு ஒரே பெயரும் இருந்தது. அதையெல்லாம் அவர் தலைக்குள் பிரித்துக்கொண்டு இருந்தபோதுதான் நான் பிரிண்டருக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

அப்படியானால் வேலைக்காரர் தலையில் ஒரு பட்டியைக் கட்டிச் சம்பளத்தைத் தீர்மானிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். முடியாது. சூரிச் பல்கலைக்கழகத்தின் தோமஸ் ஃபிரிட்ஸ் குழுவினர், மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2014இல் 15 தொழில்முறை நிரலாளர்களைச் சோதித்தார்கள். மின்னலைப் பட்டி, கண் அசைவைப் பார்க்கும் கருவி, தோலின் மின்கடத்தலை அளக்கும் கருவி ஆகிய மூன்றும் வைக்கப்பட்டன. ஏற்கனவே அளந்து பழகியவருக்குப் புதிய வேலை கொடுத்தபோது, அது கடினமா இலகுவா என்று கருவி சொன்னது நூற்றுக்கு 84 அளவில் சரி. முற்றிலும் புதியவர் வந்தபோது அது 65 அளவுக்கு இறங்கிவிட்டது. நூறு கிராமை 65 கிராமாகக் காட்டக்கூடிய தராசைக் கடையில் வைத்தால் அளவைத் திணைக்களம் சும்மா விடுமா? அதோடு இக்கருவிகள் அளப்பது சுமையை, பயனை அல்ல. கெட்டிக்காரருக்கு இலகுவாக இருப்பது பழக்கமில்லாதவருக்குப் பெரும் சுமையாகும். சுமைக்குக் கூலி என்றால் தெரியாதவருக்குத்தான் கூடக் கொடுக்க நேரிடும்.

இன்னொன்று, அமானிதம் சம்பந்தப்பட்டது. சீனாவில் சில தொழிற்சாலைகளில் தொழிலாளர் தொப்பிக்குள் மூளையலைக் கருவி வைத்துக் கண்காணிப்பதாக 2018இல் ஹொங்கொங் பத்திரிகையில் செய்தி வந்தது. சிலி நாடு 2021இல் மூளைச் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் காப்பதற்கு அரசியலமைப்பையே திருத்தியது. பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதையே பிழை என்று வளர்ந்த நாம், சம்பளம் கொடுக்கிறோம் என்பதற்காக ஒருவரின் தலைக்குள் எட்டிப் பார்க்கலாமா? என் கருத்தில் கூடாது, அவரே கையொப்பமிட்டுச் சம்மதித்தாலும் கூடாது. வேலை தேவைப்படுபவனின் சம்மதம் எப்படிப்பட்டது என்று முதலாளிமாருக்குத் தெரியும்.

தலையில் எதையும் கட்டாமலே பலன் தந்த ஒரு வழியும் இருக்கிறது. அதே சூரிச் குழுவினர் மேசையில் சிறு மின்குமிழ் ஒன்றை வைத்தார்கள். விசைப்பலகையும் மௌஸும் இயங்கும் விதத்தைக் கொண்டு, ஆள் ஆழ்ந்த வேலையில் இருக்கிறார் என்று கணித்தால் சிவப்பு எரியும். சிவப்பு எரிந்தால் எவரும் பக்கத்தில் போய்ப் பேசக்கூடாது. 12 நாடுகளில் 449 பேரிடம் வைத்துப் பார்த்ததில் இடையூறுகள் 46 சதவீதம் குறைந்ததாக 2017இல் அறிவித்தார்கள். நம் கடைகளில் குமிழ்கூட வேண்டியதில்லை. கதவைச் சாத்திவைத்தாலே போதும்.

வெட்டிய காசைக் கொடுக்க அந்தத் தம்பியைத் தேடினேன். கட்டாருக்குப் போயிருந்தார். தொலைபேசியில் பிடித்துச் சொன்னபோது முதலில் வேண்டாம் என்றார், பிறகு உம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன். இப்போது மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையை ஒரு சகோதரி தன் வீட்டிலிருந்தே செய்கிறார். மணித்தியாலக் கணக்கு இல்லை. வேலையை ஐந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் கடையில் ஓடிக் காட்டியதும் அன்றைக்கே காசு. பொருட்பட்டியலை மகனும் நானும் இரண்டு வாரம் இருந்து துப்புரவாக்கிக் கொடுத்தோம். கேள்வியெல்லாம் அஸருக்குப் பிறகு ஒரே அழைப்பில். பிரிண்டரில் சிக்கிய கடதாசியை இழுத்தெடுக்க நானே பழகிவிட்டேன்.