பணியாளர் கூட்டமும் பணியாளர் நலமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரவேண்டும் என்று தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் அறிவித்தபோது, நான் விண்வெளியைப் பற்றியோ அணுவாற்றலைப் பற்றியோ எழுதுவேன் என்றே தோழியர் எதிர்பார்த்தனர். எனக்கோ எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. பொன்மலையில் எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிதான் பீரோ. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் தாத்தாவின் ரயில்வே மருத்துவ அட்டை இருக்கிறது. அதன் கீழே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய அம்மாவின் சம்பளச் சீட்டுகள் இருக்கின்றன. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

தாத்தா 1968-இல் பொன்மலை ரயில்வே பணிமனையில் கலாசியாகச் சேர்ந்து, 2008-இல் ஃபிட்டராக ஓய்வு பெற்றவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அம்மா வேறொரு கல்லூரியில் ஒப்பந்தக்காரரின் கீழ்த் துப்புரவுப் பணி செய்கிறார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அக்கல்லூரியின் ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. தனியார் மருத்துவரிடம் கட்டுப் போட்டோம். அதற்காகத் தோட்டை அடகு வைத்தோம். நாற்பது நாள் வேலை இல்லை, கூலியும் இல்லை. அதே மாதத்தில் பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்து, பொன்மலை ரயில்வே மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு தலைமுறை. மூத்த தலைமுறைக்கு இருக்கும் பாதுகாப்பு இளைய தலைமுறைக்கு இல்லாமற் போனது எங்ஙனம்?

இதற்கு விடை காண முதலில் பொன்மலையின் கதையைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-இல் அது பொன்மலைக்கு வந்தது. இன்று நாம் காணும் குடியிருப்புகள், மருத்துவமனை, ஞாயிறுதோறும் கூடும் சந்தை ஆகிய அனைத்தும் அதைச் சுற்றி வளர்ந்தவையே. ஆனால் அந்த இடமாற்றம் அமைதியாக நடந்துவிடவில்லை. ஆட்குறைப்பும், வேலையில் இருப்போர்க்குத் தொழில் தேர்வும் அறிவிக்கப்பட்டன. அவற்றை எதிர்த்து அதே 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றனர். வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதை ஒரு தரப்பு மட்டும் தனியறையில் முடிவு செய்த காலம் அது.

அடுத்த ஆண்டே, அதாவது 1929-இல், இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஜே. எச். விட்லி. இங்கிலாந்தில் 1917-இல் வெளிவந்த விட்லி குழுவின் அறிக்கையைப் பொருளியல் மாணவர் அறிந்திருப்பர். முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சமமாக உட்கார்ந்து பேசும் கூட்டு மன்றங்கள் வேண்டும் என்று சொன்னது அவ்வறிக்கைதான். அதே மனிதர் இந்தியாவுக்கு வந்து, 1931-இல் அளித்த அறிக்கையிலும் அக்கருத்தை வற்புறுத்தினார். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிலகங்களில், தொழிலாளர் தரப்பு நிர்வாகத் தரப்பை விட எண்ணிக்கையில் குறையாமல் அமரும் வேலைக் குழு அமைக்க வழி செய்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் அவ்வேற்பாடு தொடர்கிறது.

இவற்றுக்கிடையே பொன்மலையில் இரத்தம் சிந்தியது. 1946 செப்டம்பர் 5 அன்று, வேலைநிறுத்தக் காலத்தில், சங்கத் திடலில் கூடியிருந்தோர் மீது மலபார் ஸ்பெஷல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஐவர் மாண்டனர். பின்னாளில் திருச்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களாக விளங்கிய அனந்தன் நம்பியாரும் எம். கல்யாணசுந்தரமும் அன்றைய சங்கத் தலைவர்களுள் முக்கியமானவர்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 5-இல் செங்கொடியுடன் ஊர்வலம் போவதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏதோ கட்சிக்காரர் கூட்டம் என்றுதான் அப்போது எண்ணியிருந்தேன். அது ஒரு பணியாளர் கூட்டத்தின் நினைவுநாள் என்பது இக்கட்டுரைக்காகத் தாத்தாவிடம் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

சுதந்திரத்திற்குப் பின் 1950-களின் தொடக்கத்தில் ரயில்வேயில் 'நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பு' உருவாயிற்று. தொழிலாளர்கள் இதைப் 'பி.என்.எம்.' என்றே சொல்வார்கள். கோட்ட அளவிலும் மண்டல அளவிலும், மேலே ரயில்வே வாரிய அளவிலும், அங்கீகாரம் பெற்ற சங்கத்தாரும் அதிகாரிகளும் குறித்த இடைவெளியில் கூடுகிறார்கள். அந்த அங்கீகாரத்தை முடிவு செய்வது ஊழியரின் இரகசிய வாக்கு. 2007, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் அவ்வாக்கெடுப்பு நடந்தது. 2024 டிசம்பரில் எங்கள் தெருவில் சட்டமன்றத் தேர்தல் போலவே சுவரொட்டியும் ஒலிபெருக்கியுமாக இருந்தது.

தாத்தா சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர் அல்லர். என்றாலும் கூட்ட நடைமுறையை அவர் விளக்கியபோது, எங்கள் ஆய்வகப் பதிவேட்டை விடத் தெளிவாக இருந்தது. சங்கம் முன்கூட்டியே பொருள்களை எழுதித் தரவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. கூட்டத்தில் நிர்வாகம் பதில் சொல்லும். பதில் குறிப்பேட்டில் ஏறும். தீர்ந்தால் 'முடிந்தது' என்று எழுதுவார்கள். தீராவிட்டால் அப்பொருள் அதே எண்ணுடன் அடுத்த கூட்டத்திற்கும் வரும். அவர் வேலை செய்த இடத்தில் கூடுதலாக ஒரு குடிநீர்க் குழாய் வந்தது இப்படித்தானாம்.

"வாயால சொன்னா காத்துல போயிரும் பாப்பா. நம்பர் போட்டு எழுதுனா அது நம்ம கூடவே வரும்" என்றார் தாத்தா.

உணவகத்தின் கதை இதனினும் சுவையானது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உணவகம் வேண்டும் என்றது. அத்துடன் விட்டிருந்தால் அது சலுகை மட்டுமே. அந்த உணவகத்தை நடத்தும் குழுவில் தொழிலாளர்க்கும் இடம் தர விதி செய்யலாம் என்று அப்பிரிவே சொன்னது. ஆக, வடையின் விலையைப் பற்றிப் பேசும் இடத்தில் வடை தின்பவருக்கும் ஒரு நாற்காலி. இன்னொன்று ஊழியர் நல நிதி. பணியாளர் குழந்தைகளின் படிப்பு உதவி, நோய்க்கால உதவி, விளையாட்டு முதலியவற்றிற்கு இதிலிருந்து பணம் போகிறது. ஊழியரிடம் பிடித்த அபராதத் தொகைகளும் இந்நிதியின் வரவில் சேரும் என்பது ரயில்வே விதி! தாமதமாக வந்தவரின் காசு இன்னொருவர் பிள்ளையின் புத்தகமாகிறது. அதைப் பங்கிடும் குழுவிலும் ஊழியர் பிரதிநிதிகள் உண்டு.

இதனால் பொன்மலையைச் சொர்க்கம் என்று நான் கூறவரவில்லை. இன்று ரயில்வேயிலும் துப்புரவு முதலிய பல பணிகள் ஒப்பந்தத்திற்குப் போய்விட்டன. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அந்த இரகசிய வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. தாத்தாவின் நாற்காலி தாத்தாவோடு ஓய்வு பெற்றுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனிக் கல்லூரிக்கு வருவோம். கல்லூரியில் பணியாளர் கூட்டம் என்றால் நமக்குத் தெரிவதெல்லாம், மாலை வகுப்பு நடக்காது என்பதுதான். முதல்வரும் துறைத் தலைவர்களும் கூடித் தேர்வு, சேர்க்கை, ஒழுங்கு பற்றிப் பேசுவர். நலம் பற்றிய பேச்சு அங்கே கடைசியில்தான் வரும், வந்தால் உண்டு.

பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாயின் ஒன்று சொல்வேன்: ஆசிரியர் பணியாளரா இல்லையா என்பதே நம் நாட்டில் நீண்ட வழக்காக இருந்திருக்கிறது. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு கல்வி நிலையமும் 'தொழில்' என்பதற்குள் அடங்கும் என்றது. 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் அச்சட்டத்தின்படி 'தொழிலாளர்' ஆகமாட்டார் என்று அதே நீதிமன்றம் கூறியது. 2004-இல் பணிக்கொடைச் சட்டமும் ஆசிரியர்க்குப் பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே அது பொருந்தும் என்றது. அத்திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2022-இல். தனியார் பள்ளியில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை தம் பணிக்கொடைக்காக எத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆசிரியர்க்கே இப்படியென்றால் மற்றவரைக் கேட்க வேண்டியதில்லை. தொழிலாளர் ஈட்டுறுதி, அதாவது இ.எஸ்.ஐ., 1948-இலிருந்தே இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்வி நிலையங்களுக்கு அதை விரிவாக்கும் அரசு அறிவிப்பு வந்தது 2010-இல். தனியார் கல்வி நிலையங்கள் வழக்குத் தொடுத்தன. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அவ்வறிவிப்பு செல்லும் என்றது. 21,000 ரூபாய் வரை மாத ஊதியம் பெறுவோர் இதில் வருவர். 2019 ஜூலை முதல் ஊழியர் பங்கு நூற்றுக்கு 0.75, வேலை தருபவர் பங்கு 3.25. பணியில் அடிபட்டால் மருத்துவம் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு, கூலியில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைக்கும்.

இதைப் படித்த இரவில்தான் அம்மாவின் சீட்டுகளை எடுத்தேன். மாதம் 9,000 ரூபாய். கழிவு என்ற கட்டத்தில் ஒவ்வொரு சீட்டிலும் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, பக்கத்தில் 68. ஒன்பதாயிரத்தில் 0.75 விழுக்காடு 67 ரூபாய் 50 காசு. முழு ரூபாயாக்கினால் 68. இயற்பியலில் ஒரு சோதனையின் விடை சூத்திரத்தோடு ஒத்துப்போகும்போது மகிழ்ச்சி வரும். அன்று வந்தது அழுகை. நான்கு ஆண்டுகளாக அம்மா அந்தப் பணத்தைக் கட்டியிருக்கிறார். "ஏதோ புடித்தம்னு சொன்னாங்கடி" என்றார். காப்பீட்டு எண் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நாற்பது நாளுக்கு உரிய தொகை பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்திருக்காது. தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

அக்கல்லூரியில் நலத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. நாக் குழுவினர் பயன்படுத்திவந்த ஏழு அளவுகோல்களில் ஆறாவதில், கற்பிக்கும் பணியாளர், கற்பிக்காப் பணியாளர் ஆகிய இரு சாரார்க்கும் என்ன நல ஏற்பாடு உண்டு என்ற கேள்வி இருக்கிறது. ஆகவே கண் பரிசோதனை முகாம் நடந்தது, யோகா வகுப்பு நடந்தது, பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லப்பட்டது. இ.எஸ்.ஐ. பற்றியும் ஒரு கூட்டத்தில் விளக்கினார்களாம். அந்தக் கூட்டத்திற்கு நாற்காலி போட்டவரும் முடிந்தபின் அறையைப் பெருக்கியவரும் அம்மாதான். யோகாவின் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் முறிந்த மணிக்கட்டுக்கு எது தேவை என்பதை அந்த அறையில் எழுந்து சொல்ல ஆளில்லை.

எல்லாக் குழுவும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வகுத்த விதிப்படி, கல்லூரியின் உள்ளகக் குழுவில் ஆசிரியர் இருவரோடு கற்பிக்காப் பணியாளர் இருவரும் இடம்பெறவேண்டும். மாணவர் தொடர்புடைய புகாரென்றால் மாணவர் மூவரும் உண்டு. ஒரு விதியில் முடிந்தது மற்ற விதிகளில் ஏன் முடியாது என்று ஆசிரியப் பெருமக்கள்தாம் எனக்கு விளக்க வேண்டும்.

தாத்தா சொன்ன முறையில் நாங்கள் ஒன்று செய்து பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை முடிந்து வந்தபின், அம்மாவோடு வேலை செய்யும் அக்காமார் ஆறு பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடினர். தாத்தாவுக்கு நாற்காலி, மற்றவர்க்குப் பாய். நான் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். பொருள் ஒன்று: ஒவ்வொருவருக்கும் இ.எஸ்.ஐ. எண்ணும் அட்டையும் தரவேண்டும். பொருள் இரண்டு: கையுறையும் வழுக்காத செருப்பும். பொருள் மூன்று: உடை மாற்றவும் சோறு தின்னவும் ஓர் அறை, இப்போது மாடிப்படிக்குக் கீழே உட்காருகிறார்கள். பொருள் நான்கு: பணியாளர் நலம் பற்றிய கூட்டத்திற்குத் தங்களுள் ஒருவரையும் அழைக்க வேண்டும். நான்காவது பொருளை எழுதச் சொன்னவர், எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அக்கா. ஏழு பேரும் ஒப்பமிட்டும் கைநாட்டு வைத்தும், இரண்டு படி எடுத்து, ஒன்று ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடமும் மற்றொன்று கல்லூரி அலுவலகத்திலும் கொடுக்கப்பட்டது.

அலுவலகக் கண்காணிப்பாளர் நல்லவர். படியில் முத்திரை குத்தித் தேதி போட்டுக் கொடுத்தார். மூன்று வாரத்தில் எழுவருக்கும் காப்பீட்டு எண் தாளில் அச்சிட்டு வந்தது. அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் தாத்தாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கையுறை வந்தது, செருப்பு வரவில்லை. அதனால் பொருள் இரண்டு 'பாதி' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு திண்ணையில் மறுபடி கூடுகிறோம். மூன்றும் நான்கும் அதே எண்ணுடன் வரும்.