மண்ணில் வெடிமருந்து: அந்த இடத்திலேயே எப்படிச் சோதிக்கிறார்கள்?



2018 ஜூன் மாதம் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டினார்கள். பெட்டி பெட்டியாகத் துப்பாக்கிக் குண்டுகளும் வெடிபொருட்களும் வெளியே வந்தன. பல வருஷமாகப் புதைந்து கிடந்தவை. இப்படிப்பட்ட பெட்டி துருப்பிடித்துக் கசிந்தால் அந்த மண் என்ன ஆகும்?

செய்தியில் டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். என்று கேட்கிறோமே, இரண்டும் ஒரே மாதிரி இல்லை. டி.என்.டி. பெரும்பாலும் மேல்மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆர்.டி.எக்ஸ். மழைத் தண்ணீரோடு இறங்கி நிலத்தடி நீர் வரை போகும். டி.என்.டி. உடம்பில் சேர்ந்தால் ஈரலும் ரத்தமும் கெடும். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் குண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் பலருக்குத் தோலே மஞ்சளாகிவிட்டது.

சோதிப்பவர்கள் மண்ணை உலர்த்தி, அசிட்டோன் ஊற்றிக் குலுக்குவார்கள். நகப்பாலிஷ் அழிக்கிற திரவம் பலவற்றில் இருப்பதும் இதுதான். வடிகட்டிய தெளிவில் காரத்தன்மையுள்ள ரசாயனம் சேர்த்தால், டி.என்.டி. இருந்தால் சிவக்கும். ஆர்.டி.எக்ஸுக்கு வேறு ரசாயனம், அது இளஞ்சிவப்பு காட்டும். நிறம் அடர்த்தியாக இருந்தால் கலப்பும் அதிகம். ஒத்துப் பார்க்கச் சில மாதிரிகளை மட்டும் லேபுக்கு அனுப்புவார்கள்.

நிறம் பார்ப்பது சுலபம். மண் எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. வெடிமருந்து பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கும். ஒரு இடத்தில் நிறைய இருக்கும், இரண்டடி தள்ளி ஒன்றுமே இருக்காது. அதனால் ஒரே மனையில் 30, 50 இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்க வேண்டும். வயல் மண் பரிசோதனைக்கு நாமும் பல இடத்தில் எடுத்துத்தானே கலக்கிறோம்? ஆனால் அந்த மண் பரிசோதனை நிலையத்தில் பார்ப்பது உரச்சத்தைத்தான், வெடிமருந்தை இல்லை.

இதை நாமே செய்து பார்க்கக் கூடாது. குண்டு எதுவும் புதைந்து இல்லை என்று நிபுணர்கள் உறுதி செய்த பிறகுதான் மண்ணிலேயே கை வைப்பார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய இரும்புக் கடையில் வேலை பார்க்கிற சகோதரிகள் கவனிங்க. 2004-ல் டெல்லி அருகே சாகிபாபாத் இரும்பு ஆலையில், வெளிநாட்டுப் பழைய இரும்போடு வந்த குண்டு வெடித்து 10 பேர் இறந்தார்கள். குண்டு மாதிரி எது கண்ணில் பட்டாலும் தொடாதீங்க, தட்டிப் பார்க்காதீங்க, எடைக்குப் போட எடுக்காதீங்க. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுத் தூரமா வந்து, அப்புறம் 100-க்கு போன் பண்ணுங்க.