ஆமைக் குஞ்சுக்கு ஏற்ற இல்லம் எது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவி)

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம் பக்கத்தில் வழங்கும் பழமொழி. சென்ற ஆண்டு சம்பா நடவு நேரத்தில் ஓர் ஆமை எங்கள் வீட்டிற்குள்ளும் புகுந்தது. அதனால் நான் கற்ற பாடத்தை இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

நடவுக்குச் சென்ற அம்மாவுக்குச் சோறு கொண்டு போன என் தம்பி, வாய்க்காலோரம் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் ஆமைக் குஞ்சைக் கண்டெடுத்து வந்தான். பிளாஸ்டிக் பேசினில் குழாய்த் தண்ணீர் ஊற்றி அதை விட்டான். நாலு பருக்கைச் சோறும் போட்டான். அப்பாயி பார்த்துவிட்டு, “குடி கெட்டுப் போகும்டா, தெருவுல கொண்டு போய் எறிஞ்சுட்டு வா” என்று சத்தம் போட்டார். தம்பி அழுதான். ஒருவருக்கு அச்சம், மற்றவனுக்கு ஆசை. இருவருமே அந்த உயிரைப் பற்றி ஏதும் அறியார். விலங்கியல் பாடம் படிக்கும் நானும் அறிந்திருக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் அதன் கழுத்துத் தோலில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. அது எதையும் தின்னவில்லை. எங்கள் விலங்கியல் பேராசிரியரிடம் ஓடினேன். “அதற்கு மணல் உண்டா? வெயில் உண்டா? ஒளிய இடம் உண்டா?” என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே என் விடை. அவர் விளக்கியதையும் பின்னர் நான் படித்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

குஞ்சின் இனம்

நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வயல்களிலும் வாழும் இந்த ஆமையின் அறிவியல் பெயர் லிசெமிஸ் பங்க்டேட்டா. இதன் ஓட்டின் மேல் தோல் போர்த்தியிருக்கும். அடிப்புறத்தில் இரண்டு தோல் மடிப்புகள் உண்டு. பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டதும், மதகில் பலகை இறக்கியதுபோல அம்மடிப்புகள் மூடிக்கொள்ளும். ஐம்புலன் அடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டியதன் பொருத்தம் இதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

குஞ்சுக்கு வேண்டுவன யாவை?

முதலாவது, மணல். இவ்வகை ஆமை மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழ்வது. வழவழப்பான வெறும் பேசினில் புதைய வழியின்றி ஓயாமல் சுற்றிச் சுற்றி நீந்தும். தோல் உராய்ந்து, அவ்விடத்தில் பூஞ்சை பற்றும். எங்கள் குஞ்சின் கழுத்தில் கண்ட வெள்ளைத் திட்டுகள் அவையே. உடல் முழுதும் மறையும் ஆழத்துக்கு நைசான மணல் பரப்பியிருக்க வேண்டும்.

இரண்டாவது, நீர். குஞ்சு கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே எட்டும் அளவுக்கு ஆழம் குறைவாக இருத்தல் நலம். ஆமையின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். சிறிய பாத்திரத்தில் அது விரைவில் பெருகிவிடும். ஆதலின் நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். ஒரு நாள் திறந்து வைத்திருந்த பிறகே அதைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, வெயிலும் நிழலும். ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாத பிராணி. குளிர்ந்தால் வெயிலுக்கும் சுட்டால் நிழலுக்கும் அது நகர வேண்டும். வெயிலில் உள்ள புறஊதா ‘பி’ கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி3 உண்டாகிறது. அது இல்லையேல் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேராது. எலும்பும் ஓடும் மெலிந்து வளையும். சன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும் என்பதால், கண்ணாடிக்குப் பின்னால் வரும் வெயில் போதாது. அதே சமயம், சிறு பேசினை உச்சி வெயிலில் வைத்தால் நீர் கொதித்துக் குஞ்சு இறந்துபோகும்.

நான்காவது, உணவு. சோறு இதற்கு உணவன்று. சிறு நத்தை, புழு, மீன் குஞ்சு, நீர்ப்பூச்சி ஆகியவற்றோடு நீர்த்தாவரங்களையும் தின்னும். நத்தையின் ஓட்டிலேயே அதற்கு வேண்டிய கால்சியம் இருக்கிறது.

ஐந்தாவது, இடம். இன்று உள்ளங்கையில் அடங்குவது வளர்ந்தால் அதன் ஓடு 25 சென்டிமீட்டரையும் தாண்டும். கோடையில் குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து உறங்கும். பேசினில் சேறு ஏது?

ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதும் முக்கியம். ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக் கூடியவை. பிள்ளைகளுக்கு நோய் பரவியதால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனைக்கு அமெரிக்க அரசு 1975-இல் தடை விதித்தது.

கூட்டிச் சொன்னால்...

மணல், சேறு, ஆழமில்லாத ஓரம், வெயில், நிழல், நத்தை, பாசி ஆகிய இவற்றை வரிசையாக என் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். முடிவில் பார்த்தால், நான் எழுதியிருந்தது எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றிய வருணனை! காசு செலவழித்து நாம் அமைக்கப் பார்ப்பதைக் குளம் செலவின்றியே தருகிறது.

கோடியக்கரையில் வனத்துறையினர் செய்வதும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகளின் முட்டைகளை நாயும் நரியும் தின்னாதபடி எடுத்து, வேலியிட்ட மணலில் புதைத்துக் காக்கிறார்கள். ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். வந்தவுடன் அவற்றைக் கடலில் விட்டுவிடுகிறார்கள். வேலி முட்டைக்குத்தான், குஞ்சுக்குக் கடலே வீடு.

சட்டம் கூறுவது

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இடம்பெற்றுள்ளது. இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட சட்டப்படி மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. அழகுக்காகப் பலர் ஆசைப்படும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. அதன் பன்னாட்டு வணிகம் 2019-இல் முற்றிலும் தடை செய்யப்பட்டது.

காதோரம் சிவப்புக் கோடுள்ள அமெரிக்க ஆமையைச் சிலர் வாங்கி வளர்த்து, பெரிதானதும் குளத்தில் விட்டுவிடுகின்றனர். அது நம் ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். அதைக் குளத்தில் விடுதல் கூடவே கூடாது.

முடிவுரை

பேராசிரியரின் அறிவுரைப்படி அன்று மாலையே தம்பியும் நானும் குஞ்சை எடுத்த அதே வாய்க்கால் ஓரத்தில் கொண்டு போய் விட்டோம். ஒரு கணம் அசையாமல் கிடந்தது. பிறகு முன்னங்கால்களால் சேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே மறைந்தது. மூன்று நாள் பேசினில் தேடிக் கிடைக்காததை அது மூன்று நொடியில் கண்டுகொண்டது. அது பிழைத்ததா என்பது எனக்குத் தெரியாது.

ஆமை என்றால் பிராணியன்று, கல்லாமை, முயலாமை, பொறாமை என்பனவே வீட்டைக் கெடுப்பவை என்று தமிழாசிரியர்கள் சொல்வதுண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது அந்தக் கல்லாமைதான். அன்றிரவு என் நோட்டில் எழுதியதை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நத்தையத் தின்னா நல்லதுதானே, பொறவு ஏன் அடிக்கிறானுவ?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை உங்களிடமும் வைக்கிறேன், நண்பர்களே. ஆமையைக் கண்டால் அடிக்க வேண்டாம். ஆசைப்பட்டு எடுக்கவும் வேண்டாம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிழிந்த நைலான் வலையைக் குளத்தில் எறியாதீர்கள். குளத்துக் கரை முழுவதையும் சிமெண்டால் பூசும்போது, ஆமை முட்டையிடக் கொஞ்சம் மண் கரையை விட்டுவைக்கச் சொல்லுங்கள். குஞ்சுக்கு நாம் கட்டித் தரக்கூடிய நல்ல இல்லம் அதுவே.